கொல்லைப்புற அடுப்பில் சுற்றுக்கம்பி: சேலத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

முழுக் கோழியையோ ஆட்டுத் தொடையையோ கம்பியில் கோர்த்து, மோட்டார் வைத்துச் சுற்றவிட்டு வேகவைப்பதற்கு ரோட்டிசெரி என்று பெயர். கிரில் சிக்கன் கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகச் சுற்றுமே, அதேதான். வீட்டில் செய்து பார்க்கலாம் என்று இறங்கியபோது எதை எங்கே வாங்குவது, கடையில் என்ன சொல்லிக் கேட்பது, எவ்வளவு ஆகும் என்று சொல்ல ஆளில்லை. வீடியோவில் வருகிற வெளிநாட்டுக்காரர் பெட்டியைப் பிரிக்கிறார், மாட்டுகிறார், சுற்றவிடுகிறார். நம் ஊரில் பாதிப் பொருளைப் பட்டறையில் சொல்லித்தான் செய்ய வேண்டும். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதில் எல்லோரும் மசாலாவில்தான் தொடங்குகிறார்கள். மசாலா கடைசி வேலை. கறியின் எடை கம்பியைச் சுற்றிச் சமமாக நிற்க வேண்டும். தீ கறிக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. இந்த இரண்டும் அமைந்துவிட்டால் வெறும் உப்பும் மிளகும் போட்டாலே நன்றாக வரும். இவை அமையாவிட்டால் எந்த மசாலாவும் காப்பாற்றாது.

1. இடமும் அனுமதியும்

சொந்த வீடு, பின்பக்கம் பத்தடி திறந்த இடம் என்றால் பிரச்சினை இல்லை. பக்கத்து வீட்டில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத்து ஆட்கள் வாயால் சரி என்பதை நம்பி அடுப்பு வாங்காதீர்கள். இந்தத் தேதி, இந்த இடம், கரி அடுப்பு என்று வாட்ஸ்அப்பில் போட்டு, "சரி" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புகை வந்ததும் முதல் ஆளாகக் கீழே இறங்கி வருகிறவர் கூட்டத்துக்கே வராதவராகத்தான் இருப்பார்.

மொட்டைமாடியில் செய்வதென்றால் அடுப்புக்கு அடியில் இரண்டு வரிசைச் செங்கல் அடுக்குங்கள். நேரடியாக ஓட்டின் மீது வைத்தால் சூட்டில் ஓடு விரிசல் விடும், மழைக்காலத்தில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். தண்ணீர் டேங்க், பிளாஸ்டிக் குழாய், சோலார் ஹீட்டர் இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். சித்திரை வெயிலில் நண்பகலில் மாடியில் தீ முன்னால் நிற்பது தண்டனை. சேலத்தில் அந்த மாதங்களில் மாலை ஐந்துக்கு மேல் தொடங்குவதே சரி.

கூரைக்குள், கார் ஷெட்டுக்குள், மூடிய வராந்தாவில் கரி அடுப்பை ஒருபோதும் வைக்காதீர்கள். கரி கனன்றுகொண்டிருக்கும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆளைக் கொல்லும்.

கேஸ் அடுப்பில் செய்ய நினைப்பவர்களுக்கு: சமையலறையில் இருக்கிற 14.2 கிலோ சிலிண்டரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். 5 கிலோ சிலிண்டர் தனியாகக் கிடைக்கிறது. அதற்கு முகவரிச் சான்று வேண்டியதில்லை, அடையாளச் சான்றின் நகல் ஒன்று போதும். காலியானதும் நிரப்பிய சிலிண்டராக மாற்றிக்கொள்ளலாம். முதல் தடவை கொடுக்கிற ரசீதைப் பத்திரமாக வையுங்கள். திருப்பிக் கொடுக்கிற காலத்தில் அது தேவைப்படும்.

2. அடுப்பு

ரெடிமேடாக வருகிற உருண்டை வடிவக் கரி அடுப்பு இருந்தால் அதற்கென்று தனி வளையம் வாங்கி நடுவில் பொருத்த வேண்டும். இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை. நீளப் பெட்டி வடிவ அடுப்புதான் இதற்கு வசதி. இரும்பு வேலை செய்கிற எந்தப் பட்டறையிலும் அடித்துத் தருவார்கள். அளவு கேட்பார்கள்: நீளம் 30 அங்குலம், அகலம் 16 முதல் 18 அங்குலம், ஆழம் 8 அங்குலம், கால் வைத்தால் இடுப்பு உயரம். தகரம் 2 மி.மீ. கனமாவது இருக்கட்டும், அதற்குக் குறைந்தால் சூட்டில் நெளியும். இரு பக்கமும் கம்பி உட்கார, மேல் விளிம்பில் 'ப' வடிவப் பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். கீழே நான்கைந்து காற்றுத் துளை. மூடி வேண்டும் என்று கட்டாயம் சொல்லுங்கள். மூடி இல்லாமலும் வேகும், ஆனால் கரிச் செலவு இரண்டு மடங்காகும், காற்றடித்தால் கதை முடிந்தது.

பழைய டிரம்மை நெடுக்காக வெட்டினால் மலிவாக முடியும் என்பார்கள். முடியும். ஆனால் அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மைத் தொடாதீர்கள். தின்னர், பெயின்ட், கெமிக்கல் இருந்த டிரம்மை வெட்டும்போது மிச்சமிருக்கும் ஆவி தீப்பிடித்து வெடிக்கலாம். சமையல் எண்ணெய் வந்த டிரம் என்றால் சரி. அதிலும் உள்பெயின்ட் முழுக்கப் போகும்வரை ஒருமுறை விறகு போட்டு நன்றாக எரித்துவிட்டுத்தான் கறி வைக்க வேண்டும்.

3. கம்பியும் முள்ளும்

சேலத்துக்காரர்களுக்கு இது கைக்கெட்டும் காரியம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலையே இருக்கிற ஊர் இது, எஸ்.எஸ். கம்பி கேட்டால் யாரும் விழிக்க மாட்டார்கள். என்ன கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

கேட்க வேண்டியது 304 ரகம், 10 மி.மீ. சதுரக் கம்பி, நாலடி நீளம். எடை சுமார் ஒரு கிலோ வரும். உருட்டுக் கம்பி வேண்டாம். உருட்டுக் கம்பியில், கறியைக் கவ்வும் முள்ளை எவ்வளவு முடுக்கினாலும் கறி வெந்து சுருங்கியதும் கம்பி மட்டும் சுற்றும், கறி அசையாமல் ஒரே பக்கமாகத் தொங்கிக்கொண்டு கருகும்.

"304தான் சார், காந்தம் வெச்சுப் பாருங்க, ஒட்டாது" என்று கடையில் காட்டுவார்கள். இதை நம்ப வேண்டாம். விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. 202ல் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். உப்பும் எலுமிச்சையும் படப்படச் சீக்கிரமே துருப்புள்ளி விழும். பழைய எஸ்.எஸ். வாங்கி விற்கிற கடைகளில் ஒரு சொட்டுத் திரவம் விட்டு, சின்ன பேட்டரியால் தொட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பில்லிலும் 304 என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ. கம்பி, ஜி.ஐ. பைப் இரண்டும் கூடவே கூடாது. அந்தத் துத்தநாகப் பூச்சு தீச்சூட்டில் புகையாகும், எலுமிச்சையும் தயிரும் பட்டால் கரைந்து கறியில் இறங்கும். கட்டட வேலைக்கான முறுக்குக் கம்பியும், பளபளவென்று முலாம் பூசிய திரைச்சீலைக் கம்பியும் இந்தக் கணக்கில்தான்.

லேத் பட்டறையில் சொல்ல வேண்டிய வேலைகள் நான்கு. கம்பியின் ஒரு நுனியைக் கூராக்குவது. அடுப்பின் பள்ளத்தில் உட்காருகிற இரண்டு இடங்களில் மட்டும் கம்பியை உருண்டையாகக் கடைவது. சதுரமாகவே விட்டால் சுற்றும்போது தடக் தடக்கென்று குதிக்கும். மோட்டார் பக்க நுனியை மோட்டாரோடு இணைக்க ஒரு கப்ளிங். அப்புறம் முள். முள் என்பது கறியை இரு பக்கமும் கவ்வுகிற இரட்டைப் பல் கவ்வி. 5 மி.மீ. எஸ்.எஸ். கம்பியில் நாலு அங்குல நீளப் பல் இரண்டு, நடுவில் சதுரத் துளை போட்ட கட்டை, பக்கவாட்டில் முடுக்க ஒரு போல்ட். இப்படி இரண்டு ஜோடி செய்துகொண்டால் ஒரே கம்பியில் இரண்டு கோழி போடலாம். போல்ட்டுக்குச் சிறகுத் தலை வேண்டாம், சாதாரண ஆறுமூலைத் தலையே இருக்கட்டும். சூடாக இருக்கும்போது சிறகைக் கையால் திருக முடியாது. ஸ்பேனர் என்றால் எட்டி நின்று திருகலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டுமென்றால் திங்கட்கிழமையே கொடுத்துவிடுங்கள். "நாளைக்கு வாங்க" என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு தாளில் படம் வரைந்து அளவு போட்டுக் கொடுங்கள், அதையே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன அளவு பட்டறையில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காது.

4. மோட்டார்

அதிகம் பணம் போவது இங்கேதான். மூன்று வழி இருக்கிறது.

ஆன்லைனில் ரோட்டிசெரி கிட்டாகவே வாங்குவது முதல் வழி. மோட்டார், கம்பி, முள் எல்லாம் சேர்ந்து வரும். வாங்கும் முன் மோட்டார் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்தது 110-120 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் அன்றே புகைந்துவிடும். சொந்தக்காரர் அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்தாலும் இதே கதைதான். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக்கொண்டால் ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், அதில் பாதகம் இல்லை. கிட்டோடு வரும் கம்பி உங்கள் அடுப்பு நீளத்துக்குப் போதுமா என்பதையும் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். வாரன்டி கார்டு இருந்தால் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்; பெட்டி இல்லாமல் திருப்பி எடுக்க மறுப்பார்கள்.

இரண்டாவது, 12 வோல்ட் டி.சி. கியர் மோட்டார். நான் சிபாரிசு செய்வது இதைத்தான். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கல்லூரிப் பையன்கள் ரோபோ செய்ய வாங்குவார்களே, அந்த வகை. நிமிடத்துக்கு 3 முதல் 10 சுற்று வேகம் போதும். பல்சக்கரம் உலோகமா என்று கேட்டு வாங்குங்கள், பிளாஸ்டிக் பல் சூட்டில் மழுங்கிவிடும். அடுத்தது திருகுவிசை, கடையில் "கேஜி-சிஎம் எவ்வளவு" என்று கேளுங்கள். கணக்கு எளிது. ஒன்றரைக் கிலோ கோழியின் எடை நடுவிலிருந்து 2 செ.மீ. விலகியிருந்தால் அதைத் தூக்கிச் சுற்ற 3 கிலோ-செ.மீ. விசை வேண்டும். இரண்டு கிலோ தொடை 4 செ.மீ. விலகினால் 8. ஆக 15 கிலோ-செ.மீ. உள்ள மோட்டார் எடுத்தால் நிம்மதி. கூட ஒரு 12 வோல்ட் அடாப்டர். கரண்ட் போனால் பைக் பேட்டரியிலேயே ஓட்டலாம் என்பது இதன் பெரிய சௌகரியம்.

மூன்றாவது, கையில் கிடைத்த மோட்டாரை மாட்டுவது. மைக்ரோவேவ் தட்டு சுற்றும் மோட்டார் மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் முழுக் கோழிக்கு வலு போதாது. கார் வைப்பர் மோட்டாருக்கு வலு உண்டு, வேகம் மிக அதிகம். செயினும் பல்சக்கரமும் போட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். பட்டறைக்காரர் நண்பராக இருந்தால் மட்டும் இந்த வழியில் போங்கள்.

எந்த மோட்டாராக இருந்தாலும் அடுப்புச் சுவரில் ஒட்டி மாட்டாதீர்கள். நாலு அங்குலம் தள்ளி, நடுவில் ஒரு தகரத் தடுப்பு வைத்து மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போட வேண்டாம், செங்கல் மேல் வையுங்கள்.

5. செலவு

பட்டறையில் அடித்த மூடி போட்ட பெட்டி அடுப்பு ரூ.4,000 முதல் 6,000. கம்பியும் முள்ளும் பொருள், கூலி சேர்த்து ரூ.1,200 முதல் 1,800. டி.சி. மோட்டாரும் அடாப்டரும் ரூ.1,000க்குள் அடங்கும், ஆன்லைன் கிட் என்றால் அதற்குப் பல மடங்கு. கறிக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ரூ.500 சுற்றி. வெல்டிங் வேலைக்காரர்கள் போடும் தோல் கையுறை ஒரு ஜோடி ரூ.200 சுற்றி, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும், ஒரு மதிப்புக்குத்தான் சொல்கிறேன். மொத்தம் பத்தாயிரத்துக்குள் முடிக்கலாம். பணம் குறைந்தால் மூடியை மட்டும் பிறகு செய்துகொள்ளுங்கள். தெர்மாமீட்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

6. கரி

மரக்கரியில் நம் பக்கம் அதிகம் கிடைப்பது சீமைக்கருவேலங்கரி. கனமானது, நின்று எரியும், இந்த வேலைக்கு நல்லது. சிரட்டைக் கரி புகை குறைவு, சூடு அதிகம், சீக்கிரம் தீரும். பாதிக்குப் பாதி கலந்து போடுவது என் வழக்கம். ஒரு கோழிக்கு மூன்று கிலோ, தொடைக்கு ஐந்து கிலோ எடுத்து வையுங்கள். மூட்டையின் அடியில் தூள்தான் இருக்கும். வாங்கும்போது கையை விட்டுப் பாருங்கள்; சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை.

மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்தால் அந்த வாடை கறியில் கடைசிவரை இருக்கும், பெட்ரோல் ஆளையே எரித்துவிடும். பழைய எண்ணெய் டின்னின் மேலும் கீழும் வெட்டி, அடியில் கம்பி வலை கட்டி, பக்கத்தில் துளை போட்டால் கரி பற்றவைக்கும் புகைபோக்கி தயார். கீழே இரண்டு சிரட்டையைக் கொளுத்திவிட்டு மேலே கரியை நிரப்பினால் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் சாம்பல் பூத்துக் கனன்றுவிடும். கரி கறுப்பாக இருக்கும்போதே கறியை வைக்காதீர்கள்.

7. கறிக்கடையில்

கோழி வாங்கும்போது நீங்கள் சொல்லாவிட்டால் தோலை உரித்துவிடுவார்கள், துண்டும் போட்டுவிடுவார்கள். கத்தி மேலே போவதற்கு முன்பே, "முழுசா வேணும், தோலோட வேணும், இறகு மட்டும் சுத்தமா எடுத்துக் கொடுங்க" என்று சொல்லிவிடுங்கள். தோல்தான் கோழிக்குக் கவசம். அது இல்லாவிட்டால் நெஞ்சுக்கறி காய்ந்து நாராகிவிடும். உயிரோடு இரண்டு கிலோ உள்ள பிராய்லர் சுத்தம் செய்தபின் ஏறக்குறைய 1.4 கிலோ நிற்கும். இந்த எடைதான் கம்பிக்குத் தோது. ஞாயிறு காலை கூட்டத்தில் இதையெல்லாம் பொறுமையாகச் செய்ய மாட்டார்கள், சனிக்கிழமை மாலையே போய் வாங்கிவிடுங்கள்.

நாட்டுக்கோழி என்றால் வெடக்கோழியாகப் பாருங்கள். மஞ்சள் தடவி வாட்டிய வாசனையோடு அது கம்பியில் வேகும்போது கிடைக்கிற மணம் பிராய்லரில் வராது. ஆனால் முற்றிய சேவலைக் கம்பியில் போட்டால் பல்லுக்கு வேலை அதிகம். குழம்புக்கு விட்டுவிடுங்கள்.

ஆட்டுக்கறியில் பின்னந்தொடையை முழுதாகக் கேளுங்கள், எலும்போடு. ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரும். பல் போடாத குட்டியாக இருக்க வேண்டும், அதாவது ஒரு வயதுக்குட்பட்டது. வெள்ளாடா செம்மறியா என்றால், கம்பிக்கு நான் செம்மறியைத்தான் சொல்வேன். நம் மாவட்டத்து மேச்சேரி ஆடு கறிக்கும் தோலுக்கும் பேர் போன செம்மறி இனம். அந்தக் கொழுப்பு உருகி, கறி சுற்றச் சுற்ற அதன் மேலேயே வழியும். சேலம் கருப்பு வெள்ளாட்டுக் கறி குழம்பில் அருமை. கம்பியில் கொழுப்புப் போதாமல் வறளும், அடிக்கடி நெய் தடவ வேண்டும். முன்னங்கால் சப்பை விலை குறைவு என்று வாங்காதீர்கள். அதில் சவ்வு அதிகம். அது கரைந்து மிருதுவாக வேண்டுமானால் கறி உள்ளே 90 டிகிரி வரை போக வேண்டும், அதற்குள் கம்பியிலிருந்து கழன்று விழுந்துவிடும்.

8. உப்பும் மசாலாவும்

கிலோவுக்கு 15 கிராம் உப்பு. கண்ணால் அளக்காதீர்கள், தராசில் நிறுத்துங்கள். முதல் நாள் இரவே உள்ளும் புறமும் தேய்த்து, மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். தோல் காய்ந்தால்தான் மொறுமொறுப்பு வரும். காலையில் ஏற்காட்டு மிளகு, இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், கொஞ்சம் நல்லெண்ணெய். தொடைக்குத் தயிரும் சேர்க்கலாம். அங்கங்கே கத்தி நுனியால் குத்திப் பூண்டுப் பல் செருகுங்கள்.

மிளகாய்த்தூள், சர்க்கரை, தேன், தேங்காய் விழுது எதுவாக இருந்தாலும் கடைசி இருபது நிமிடத்தில் தடவுங்கள். முன்பே தடவினால் கறி வேகும் முன் அது கருகிக் கசக்கும். பச்சைக் கறி ஊறிய மசாலாவையே மீண்டும் மேலே பூசக் கூடாது. பூசுவதற்கென்று நெய்யும் எலுமிச்சையும் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தூரிகை வேண்டாம், கறிவேப்பிலைக் கொத்து ஒன்று போதும்.

9. கோர்ப்பது

இந்த ஒரு படியை மட்டும் அவசரமில்லாமல் செய்யுங்கள்.

கோழியை முதலில் கட்ட வேண்டும். சாயம் போடாத பருத்தி நூல் கயிறு எடுங்கள். அம்மாப்பேட்டைப் பக்கம் தறிக்காரர்கள் யாரையாவது தெரிந்திருந்தால் கழிவு நூலை நாலு புரியாக முறுக்கிக்கொள்ளலாம். நைலான் உருகும், வாழைநார் அரை மணியில் காய்ந்து அறுந்துவிடும். இரண்டு இறக்கைகளையும் நெஞ்சோடு சேர்த்து ஒரு கட்டு, இரண்டு கால்களையும் வாலோடு இழுத்து ஒரு கட்டு. எதுவும் தொளதொளவென்று தொங்கக் கூடாது. தொங்கும் இறக்கை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கீழே விழுந்து கம்பியை உதறும், அந்த உதறலில்தான் மோட்டார் பல் தேயும்.

முதல் முள்ளைக் கம்பியில் மாட்டிவிட்டு, கம்பியை வால் பக்கமாக நுழைத்துக் கழுத்துப் பக்கம் எடுங்கள். முதுகெலும்புக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவில் போக வேண்டும். முன் முள்ளை நெஞ்சிலும் பின் முள்ளைத் தொடையிலும் ஆழக் குத்தி முடுக்குங்கள்.

தொடையில் எலும்பு நடுவில் இல்லாததால் கம்பியை எலும்புக்கு ஒட்டி, கறி தடித்த பக்கமாக விட வேண்டும். முட்டி அருகே நுழைத்து, தடித்த முனையின் மையத்தில் வெளியே எடுங்கள். எலும்பில் மோதினால் இடிக்காதீர்கள், வெளியே எடுத்து ஒரு விரல் தள்ளி மறுபடி நுழையுங்கள்.

இனி சோதனை. கம்பியின் இரு முனைகளையும் உள்ளங்கைகள் மேல் பட்டும் படாமலும் வையுங்கள், அல்லது இரண்டு பாத்திர விளிம்புகளில் வையுங்கள். கறி தானாகவே சுழன்று ஒரு பக்கம் கீழே போய் நின்றால் அந்தப் பக்கம் கனம் அதிகம். திருப்பி விடுங்கள், மறுபடி அதே பக்கம் கீழே வருகிறதா பாருங்கள். வந்தால் கம்பியைக் கழற்றி, கனமான பக்கத்தை நோக்கி அரை அங்குலம் தள்ளிக் கோர்க்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அங்கேயே நின்றால் கச்சிதம். வெந்து சுருங்கும்போது எடை மாறும் என்பதால் அரை மணிக்கு ஒருமுறை மோட்டார் சத்தத்தைக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று ஒரே சீராக இருந்தால் சரி. ஒரு பக்கம் ஏறும்போது முனகி, மறு பக்கம் வேகமாக விழுந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு முள்ளை ஸ்பேனரால் முடுக்குங்கள்.

10. தீயும் நேரமும்

கனன்ற கரியை அடுப்பின் முன்னும் பின்னும் இரண்டு வரிசையாகத் தள்ளுங்கள். பின் வரிசை கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். நடுவில், கறிக்கு நேர் கீழே ஒரு தட்டு. அதில் அரை அங்குலம் தண்ணீர். கொழுப்பு கரியில் சொட்டினால் தீ எழும்பி, கறி வெளியே கருகி, உள்ளே பச்சையாக நிற்கும். கடைசி முக்கால் மணியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்தத் தட்டில் உரித்த சின்ன வெங்காயமும் உருளைக்கிழங்கும் போடுங்கள். கறியைவிட அதற்குத்தான் எங்கள் வீட்டில் சண்டை நடக்கும்.

மூடிக்குள் சூடு 175 முதல் 190 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அளக்கக் கருவி இல்லையென்றால் கம்பி உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். நாலைந்து நொடி தாங்கினால் சரியான சூடு, இரண்டு நொடியில் கையை இழுத்தால் கரியைத் தள்ளி விடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை வரிசைக்கு ஐந்தாறு கரித்துண்டு சேருங்கள். தனியாகக் கனலவைத்துச் சேர்ப்பதே நல்லது.

பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு, 1.4 கிலோ கோழி என்று வைத்துக்கொள்வோம். 10.30க்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கோர்க்க ஆரம்பியுங்கள், 10.45க்குக் கரி பற்றட்டும், 11.15க்குக் கம்பி ஏற வேண்டும். 12.15லிருந்து தெர்மாமீட்டரால் பார்க்கத் தொடங்குங்கள். 12.30 வாக்கில் இறக்கி, கால் மணி ஆறவிட்டால் ஒரு மணிக்கு இலையில் விழும். ஆட்டுத் தொடைக்கு இரண்டு மணி நேரமாவது சுற்ற வேண்டும். கம்பி 10 மணிக்கே ஏறட்டும். நடுவில் பசி பொறுக்காதவர்களுக்குத் தட்டுவடை செட் வாங்கி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் மூடியைத் திறந்து திறந்து பார்த்தே சூட்டை இறக்கிவிடுவார்கள்.

வெந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் போட்ட கோழி அரை மணியிலேயே பொன்னிறமாகிவிடும், உள்ளே எலும்போரம் பச்சை ரத்தமாக இருக்கும். தெர்மாமீட்டர் முனையைத் தொடையின் தடித்த இடத்தில் குத்துங்கள். எலும்பிலும் கம்பியிலும் படக் கூடாது, பட்டால் பொய்யாக அதிகம் காட்டும். கோழி நெஞ்சில் 74 டிகிரி, தொடையில் 80. ஆட்டுத் தொடை நம் வாய்க்கு 75லிருந்து 78க்குள். இறக்கிய பிறகும் உள்சூடு இரண்டு மூன்று டிகிரி ஏறும் என்பதால் ஆட்டுக்கறியைக் கொஞ்சம் முன்பே எடுக்கலாம். கோழியில் அந்தச் சலுகை வேண்டாம்.

இறக்கும்போது மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தோல் கையுறை போட்டுத் தூக்குங்கள். கம்பி கறிக்குள்ளும் தீயாய்ச் சுட்டுக்கொண்டிருக்கும். கறியைத் தட்டில் நிறுத்திக் கம்பியை மேல்நோக்கி உருவுவதே சுலபம்.

11. ஏற்காட்டில் செய்வதென்றால்

வாடகைக்கு வீடெடுத்துப் போகிறவர்கள் முன்பதிவின்போதே மூன்று கேள்வி கேளுங்கள். சொந்தமாகக் கரி அடுப்பு கொண்டுவரலாமா, அதற்குத் தனிக் கட்டணமா, எந்த இடத்தில் வைக்க விடுவார்கள். சில இடங்களில் அவர்களே பார்பிக்யூ ஏற்பாடு செய்து காசு வாங்குவதால் வெளி அடுப்பை உள்ளே விடுவதில்லை. பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் "வாங்க சார் பாத்துக்கலாம்" என்றவர் நீங்கள் போகும் நாளில் லீவில் இருப்பார்.

சாலையோரம், வியூ பாயின்ட், காட்டோரம் எங்கும் தீ மூட்டாதீர்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். பிப்ரவரி முதல் மே வரை சருகு காய்ந்து கிடக்கும். காப்பித் தோட்டத்துக்குள் இருக்கிற வீட்டிலும் சில்வர் ஓக் இலைகளை அடுப்பைச் சுற்றிப் பத்தடிக்குப் பெருக்கிவிட்டு, இரண்டு வாளித் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பற்றவைக்க வேண்டும்.

கறி, கரி இரண்டையும் சேலத்திலேயே வாங்கிப் போங்கள். முப்பது கிலோமீட்டர்தான் என்றாலும் இருபது கொண்டை ஊசி வளைவு, விடுமுறை நாள் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் ஒரு மணிக்கு மேல் ஆகும். உப்பு தடவிய கறி ஐஸ் பெட்டியிலேயே இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் 2019லிருந்தே தடை. வாழை இலை எடுத்துப் போங்கள்.

மேலே 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், தட்டுத் தண்ணீர் சீக்கிரம் வற்றும். அதைவிடப் பெரிய எதிரி குளிர்காற்று. மூடியில்லாத அடுப்பை அங்கே கொண்டுபோகவே வேண்டாம். சேலத்தில் ஆகிற நேரத்தோடு கோழிக்குக் கால் மணி, தொடைக்கு அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள், கரியும் ஒரு கிலோ கூடுதலாக. கரண்ட் போவது உண்டு என்பதால் மோட்டாருக்குப் பேட்டரி கையில் இருக்கட்டும். குரங்குக்கு ஒரு ஆளைக் காவல் போடுங்கள். அது கறியைவிட எலுமிச்சை, வெங்காயப் பையைத்தான் குறிவைக்கும். இரவில் குளிருகிறது என்று கனல் அடுப்பை அறைக்குள் இழுத்து வைப்பதைப் பற்றி முதல் படியிலேயே சொல்லிவிட்டேன். மறுபடியும் சொல்கிறேன், செய்யாதீர்கள்.

12. பிறகு

மிச்சக் கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கம்பியும் முள்ளும் சூடாக இருக்கும்போதே ஈரத்துணியால் துடைத்தால் சுலபமாக வந்துவிடும். ஆறியபின் தேங்காய் நாரும் சபீனாவும் போட்டுத் தேய்க்க வேண்டும். முள்ளின் போல்ட்டைக் கழற்றி மரையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை திரும்பாது. சாம்பலை அன்றே குப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள். உள்ளே கனல் மறுநாள் காலைவரைகூட இருக்கும். தண்ணீர் தெளித்து, ஒரு நாள் தகர டின்னில் வைத்துவிட்டு அப்புறம் கொட்டுங்கள். மோட்டாரைக் கழற்றி, பில்லோடு அதே பெட்டியில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள்; வெளியே விட்டால் ஒரே மழைக்குப் போய்விடும்.